நாரி நோவும் காலடிக் கணக்கும்

எட்டுப் பாடவேளையும் நின்றே படிப்பித்து, நாரி நோவு எனக்கு மூன்று வருசம். "படுத்திரு மகள்" என்பா உம்மா. படுக்கப் படுக்கக் கூடினதுதான் மிச்சம்.

2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை வாசித்தேன். தீராத நாரி நோவுள்ள 229 பேர், முன்னாள் படைவீரர்கள். ஒரு பகுதியினருக்குக் காலடி எண்ணும் கருவியோடு இணையத்தில் நடை இலக்கும் ஆலோசனையும் கொடுத்தார்களாம். ஆறாம் மாதம் அவர்களின் அன்றாட இயக்கம் மற்றவர்களைவிடத் திருந்தியிருந்தது. பன்னிரண்டாம் மாதம் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

அதை மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்தது. நானும் நடக்கத் தொடங்கினேன், நோன்பு மாதத்தோடு விட்டேன். இப்போது திரும்பவும். நேற்று 3,140 காலடி. உம்மா இன்னும் முறைக்கிறா.