துடுக்கோடு வந்தவர், துணிந்து வந்த சிறுவன்: காஞ்சி சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்தில் ஒரு மாணவருக்கும் ஒரு குதிரை வீரருக்கும் மூண்ட தகராறு, கர்நாடகத்தில் ஓர் அரச வம்சத்தையே உருவாக்கியது. இது நடந்தது நான்காம் நூற்றாண்டில். சிலம்பக் கூடத்திலும் கராத்தே வகுப்பிலும் புதிதாகச் சேர்ந்து 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று நிற்கும் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று குழம்பும் ஆசான்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிக்கு வந்து போகலாம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான்.

தர்ப்பை பிடித்த கையில் வாள்

பல்லவர் காலத்துக் காஞ்சி, படிப்புக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த உயர் கல்விக்கூடத்துக்குக் கடிகை என்று பெயர். வேதம் படிக்க வெளியூர்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்தான் மயூரசர்மன். தன் குரு வீரசர்மனோடு வந்து கடிகையில் சேர்ந்தார்.

அடுத்து நடந்ததைச் சொல்லும் கல்வெட்டு காஞ்சியில் இல்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், தாளகுந்தா என்ற ஊரில் ஒரு தூணில் இருக்கிறது. காஞ்சியில் ஒரு பல்லவக் குதிரை வீரனோடு மயூரசர்மனுக்குச் சண்டை வந்தது. படித்தவனுக்கு வலிமை இல்லாததால்தானே இந்த அவமானம் என்று அவர் கொதித்தார். தர்ப்பையும் வேள்விக் கரண்டியும் பிடித்த கை வாளை எடுத்தது. எல்லைக் காவலர்களை வென்றார். ஸ்ரீபர்வதக் காடுகளைப் பிடித்துக்கொண்டு வரி வசூலித்தார். கடைசியில் பல்லவர்களே சமாதானம் பேசி, அவருக்கு ஒரு நிலப்பகுதியைக் கொடுத்தார்கள். வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கதம்ப வம்சம் இப்படித்தான் பிறந்தது.

திமிர் பிடித்தவர் யார்? புதிதாக வந்த மாணவரா, ஊர்க்காரரான குதிரை வீரரா? கல்வெட்டை வெட்டியவர்கள் கதம்பர்கள். குதிரை வீரன் தரப்பு நியாயம் எங்கும் பதிவாகவில்லை. இன்றைய பயிற்சிக் கூடங்களிலும் இதே கதைதான். 'அவன்தான் மரியாதை இல்லாமப் பேசினான்' என்பார் பழைய மாணவர். 'என்னைக் கேவலப்படுத்தினாங்க' என்பான் புதியவன். ஒன்று மட்டும் நிச்சயம். அந்த அவமானம் மறக்கப்படவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, ஐந்தாம் நூற்றாண்டில், கல்லிலேயே ஏறிவிட்டது.

பன்னிரண்டு வயது மல்லன்

கடிகை இருந்த இடத்தை இன்று போய்ப் பார்க்க முடியாது. ஆனால், அதே கடிகையைச் சேர்ந்தவர்கள் இன்னொரு புதியவரை எப்படி வரவேற்றார்கள் என்பதைக் காஞ்சியிலேயே பார்க்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்றின் சுவர்களில், பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. போர்கள், யானைகள், குதிரைகள், முடிசூட்டு விழாக்கள் என்று எல்லாம் உண்டு.

எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும், அரியணை காலியானது. கடிகையாரும் ஊர்ப் பெரியவர்களும் பல்லவர்களின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிப் போனார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். நான்கு பேர் பெயரும் 'மல்லன்' என்றே முடியும். மல்லன் என்றால் மற்போர் வீரன். மூத்தவர்கள் மூவரும் மறுத்தார்கள். 'நான் போகிறேன்' என்று முன்வந்தவன் கடைசிப் பையன் பல்லவமல்லன். வயது பன்னிரண்டு. தந்தை தயங்கினார். ஆனாலும் பையன் மலையும் ஆறும் காடும் கடந்து வந்தான். காஞ்சிக்காரர்கள் படையோடு எதிர்கொண்டு அழைத்து, முடிசூட்டினார்கள்.

அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. சுமார் 65 ஆண்டுகள் ஆண்டான். வெளியிலிருந்து வந்த சின்னப் பையனைச் சீண்டிப் பார்க்காமல், பொறுப்பைக் கையில் கொடுத்து வளர்த்ததற்குக் கிடைத்த பலன் இது.

வென்றவர் காட்டிய பணிவு

வைகுண்டப் பெருமாள் கோயிலிலிருந்து மேற்கே ஆட்டோ பிடித்தால், பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தத்தைக் கடந்து கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விடலாம். உண்மையிலேயே பலசாலியான புதியவர் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே ஒரு கதை இருக்கிறது.

642-ல் 'மாமல்லன்' நரசிம்மவர்மன் சாளுக்கியர்களின் வாதாபியைக் கைப்பற்றினான். அந்தக் கறையைத் துடைக்க, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிமேல் படையெடுத்து வென்றான். அப்போது இங்கே ஆண்டவன் அதே நந்திவர்மன். வென்றவன் ஊரைக் கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வங்களைக் கண்டு, அவற்றைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இந்தக் கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. பலம் உள்ளவனுக்குத் தன்னை நிரூபிக்க ஊரையே அடித்து நொறுக்க வேண்டியதில்லை.

காஞ்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் போதிதர்மர். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வீடு தெரிந்தவர். தென்னிந்திய அரச குடும்பத்தில் பிறந்து சீனா சென்றவர் என்பது மரபு. அவர் ஷாவோலின் துறவிகளுக்குத் தற்காப்புக்கலை கற்றுக் கொடுத்தார் என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அந்தக் கதைக்கு அடிப்படையான சீன நூல் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால், அவரைப் பற்றிய மரபுக் கதை ஒன்று ஆசான்களுக்கு உதவும். சீடராக வந்த ஹுய்கே, முழங்கால் அளவு பனியில் வாசலில் காத்து நின்றாராம். உடனே கதவு திறக்கவில்லை. கற்பிக்கும் முன் காக்க வைத்துப் பார்ப்பது அந்தக் காலத்திலிருந்தே உண்டு.

கூடத்தில் என்ன செய்யலாம்?

சிலம்பத்திலும் அந்தக் காத்திருப்பு உண்டு. முதலில் வணக்கம், பிறகு காலடி, அதன் பிறகுதான் கம்பு வீச்சு. யூடியூப் பார்த்து வீடியோவுக்காகச் சுற்றப் பழகிய பையனுக்கும் காலடியிலிருந்துதான் ஆரம்பம். ஜூடோவிலும் எதிராளியைத் தூக்கிப் போடும் முன், அடிபடாமல் விழத்தான் கற்றுக் கொடுப்பார்கள். விழத் தெரியாதவன் துள்ளினால், காயம் அவனுக்கு மட்டுமல்ல, ஜோடியாக நிற்கும் பிள்ளைக்கும்தான்.

அதனால், துடுக்காக வந்தவனைப் பழைய மாணவர்களை விட்டு 'நாலு போட்டு' அனுப்பும் பழக்கத்தை ஆசான்கள் கைவிட வேண்டும். அடிபட்டவன் பணிவைக் கற்றுக்கொள்ள மாட்டான். வஞ்சத்தைத்தான் கற்றுக்கொள்வான், அல்லது மறுநாள் வர மாட்டான். கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாய்ச்சண்டை போடாமல், வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். தன் கட்டுப்பாடு தெரிந்த, நிதானமான மூத்த மாணவரோடு ஜோடி சேர்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவனிடமே விடலாம். அதற்கும் அடங்காமல் அடுத்த பிள்ளைக்கு அடிபடும்படி ஆடினால், பெற்றோரை அழைத்துக் கம்பை வாங்கி வைத்துவிடுவதே சரி. அதில் தயவு தாட்சண்யம் கூடாது.

'எனக்குத் தனியாகவே வரும்' என்று நினைப்பவனைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியின் முன் உட்கார வைக்கலாம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். பழைய முறைத் தறியில் அதை ஒருவரால் மட்டும் நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் நாடா தள்ளிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் துணைக்கு ஆள் வேண்டும்.

காஞ்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புவது நல்லது. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். தற்காப்புக்கலை படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்ப வரிசையில், வெளியூரிலிருந்து வந்து முடிசூடிய அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே இருக்கிறான் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.