செஞ்சி மலையின் வற்றாச் சுனைகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பயணம் செய்வோர், செஞ்சியை நெருங்கும்போதே கருங்கற் குன்றுகள் மூன்று வானளாவ நிற்பதைக் காண்பர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். அவற்றைச் சூழ்ந்த மதில்களை வியவாதார் இலர். அம்மதில்களுக்குள் உயிர்களை வாழவைத்த நீரை எண்ணிப் பார்ப்போரோ மிகச் சிலர்.

அந்நீரைக் காண மார்கழியும் தையுமே உகந்த காலம். கருங்கல் மழைநீரை உறிஞ்சுவதில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை பாறை வெடிப்புகளில் இறங்கி, சிறுகச் சிறுகக் கசிந்து, பள்ளங்களில் ஊறி நிற்கிறது. அதையே நம் முன்னோர் சுனை என்றனர். இராசகிரியில் வற்றாத நன்னீர்ச் சுனைகள் இரண்டு உள்ளன. அடிவாரத்தில் சக்கரகுளமும் செட்டிகுளமும் உள்ளன. கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுசெல்லப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைக் குரு பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்நகரையும்விடச் செஞ்சி பெரியது என்று எழுதிவைத்தார். அத்துணைப் பெரிய நகர் நீரின்றி நிலைத்திருக்குமோ? 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, மராட்டியர் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததில் மதில்களுக்கு உள்ள பங்கு சுனைகளுக்கும் உண்டு.

மன்னரும் படைகளும் மறைந்தனர். இன்று இம்மலையில் குடியிருப்போர் குரங்குகளே. இளவெயிலில், குட்டியை வயிற்றோடு அணைத்த தாய்க்குரங்கு நீர்விளிம்பில் குனிந்து பருகும் காட்சி, பிள்ளைகள் எளிதில் மறவாதது. ஆனால் நாம் இரக்கத்தால் நீட்டும் பண்டமே அவ்வுயிர்களைக் கெடுக்கிறது. ஊட்டிப் பழக்கிய குரங்கு, நாளடைவில் கைப்பையைப் பறிக்கிறது. பிறகு அதன்மேல் கல்லெறிபவரும் நாமே.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் புளூ ஸ்பிரிங் என்னும் ஊற்று உண்டு. அதன் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் மேனட்டி எனப்படும் கடற்பசுக்கள் ஆற்றிலிருந்து அங்கு வந்து ஒதுங்குகின்றன. அப்பருவத்தில் அவ்வூற்றில் மனிதர் நீந்தத் தடை உண்டு; மேனட்டிகளுக்கு உணவளிப்பதும் சட்டப்படி குற்றம். மக்கள் கரையில் நின்று கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். விலகி நிற்பதும் அன்பின் ஒரு வகையே என்பதை அவர்கள் அறிந்துள்ளனர்.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை, மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இனி வருவோர் தொகை பெருகக்கூடும். எறியும் நெகிழிப் பையும் உடைந்த புட்டியும் சுனையில் சேர்ந்தால், ஊறும் நீரே நஞ்சாகும்; அதைப் பருகும் வாயற்ற உயிர்கள் யாரிடம் முறையிடும்?

ஆகவே, குடும்பத்தோடு செஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் காலையிலேயே மலையேறத் தொடங்குக. குடிநீரை உடன் கொண்டு செல்க. தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் செல்லாதிருக்க. சுனையருகே பிள்ளைகளை அமைதியாக அமர்த்தி, அங்கு வரும் உயிர்களைச் சற்று நேரம் காணச் செய்க. கொண்டு சென்ற பையையும் புட்டியையும் மறவாமல் திரும்பக் கொண்டு வருக.