சாய்வு தப்பினால் ஆமை தப்பாது

தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால் கடல்தொழிலின் மறுபாதியைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். எஞ்சினைப் பிரிப்பவர்கள், மரப்பலகை மாற்றுபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் என்று துறைமுகமே பட்டறையாகிவிடும். நான் தேடிப் போனது வலை கட்டுபவர்களை. நிழல் பார்த்து இழுவை மடியை விரித்துப் போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த இடத்தைக் கத்தியால் சீராக நறுக்கிவிட்டுப் புதுக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போய் வரும் வேகத்தில் முடிச்சு விழுவதே கண்ணுக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு எஃகுச் சட்டம் சாய்ந்திருந்தது. உள்ளே நெடுக்காகக் கம்பிகள். ஆமை விலக்குக் கருவி. ‘டெட்’ என்றால்தான் இங்கே தெரியும். செயல்விளக்கத்துக்கு வந்ததை ஒரு படகுக்காரர் தன் மடியில் கட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்தவை. நீலாங்கரையில் நான் பார்த்தவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சுத் திணறிச் செத்ததற்கான அடையாளம் அது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். இழுவை மடியோ மணிக்கணக்கில் தரையைத் தடவிக்கொண்டே போகும். உள்ளே மாட்டிய ஆமைக்கு வெளியே வர வழி கிடையாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆமைகள் கூடும் மாதங்களில் அந்த விதி மீறப்பட்டால் அது உடனே கரையில் தெரிந்துவிடும்.

டெட் இதற்கு ஒரு வழி. மடியின் வாய்க்கும் கடைசிப் பைக்கும் நடுவில் இந்தச் சட்டத்தைச் சாய்வாகக் கட்டுவார்கள். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே நுழைந்து பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சாய்வில் வழுக்கி, மேலே விட்டிருக்கும் திறப்பின் மூடுவலையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இந்திய மடிகளுக்கு ஏற்ற ஒன்றைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

அரசு இதற்குப் பணம் கொடுக்க முன்வந்ததில் ஆமைப் பாசத்தைவிட இறால் வியாபாரத்துக்குத்தான் பங்கு அதிகம். ஆமையைக் காக்காத நாட்டின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989இல் சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது என்று 1998இல் முடிவாயிற்று. சட்டம் மட்டும் அப்படியே நின்றது. 2019இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியது. வளர்ப்பு இறாலுக்குத் தடையில்லை. அடுத்த ஆண்டு வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் டெட்டுக்கு முழுச் செலவையும் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் ஏற்பதாக ஏற்பாடானது. காரணம் எதுவானாலும் நல்ல ஏற்பாடு.

“சட்டத்த யார் வேணா வாங்கித் தரலாம் தம்பி, கட்றது எப்டின்னு பாரு” என்றார் பெரியவர். கீழ் விளிம்பு மடியின் வாய்ப்பக்கம் முன்தள்ளியும் மேல் விளிம்பு பைப்பக்கம் பின்தள்ளியும் இருக்க வேண்டும். எத்தனை கண்ணி தள்ளி என்பதுதான் கணக்கு. அவர் உதடு அசைய எண்ணினார். இடப்பக்கம் எண்ணியதை வலப்பக்கமும் எண்ணி, ஒரு கண்ணி பிசகியிருப்பதைக் கண்டு, கட்டியதை அவிழ்த்தார். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் தண்ணீருக்குள் சட்டம் கோணிக்கொள்ளும். சாய்வு 45 பாகைக்கு ஒட்டி இருந்தால் நல்லது. அதிகம் நிமிர்ந்தால் ஆமை வழுக்காமல் கம்பியிலேயே அழுந்திக் கிடக்கும், குப்பையும் அடைக்கும். அதிகம் படுத்தால் இறால் திறப்பு வழியே போய்விடும். எஃகின் எடையில் மடி புரளாதிருக்க மிதவைகளும் வேண்டும். இத்தனையும் செய்தபின் சட்டத்தை உயரத் தூக்கிக் கட்டச் சொல்லி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிச் சாய்வைப் பார்த்தார்.

“நாலு மாசம் ஓடினா வல இழுபடும். இந்தச் சாய்வு நிக்காது. அப்ப யார் வந்து பாக்கறது?”

அந்தக் கேள்விக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எஃகு ஒரு முறை வாங்கினால் போதும், சாய்வை ஒவ்வொரு பருவமும் சரிபார்க்க வேண்டும். வலை கட்டுபவரைக் கூப்பிட்டுப் பயிற்சியும், பார்வையிடக் கூலியும் கொடுக்காமல் கருவியை மட்டும் இறக்கினால் அது படகின் மூலையில் கிடக்கும், சோதனை வரும் நாளில் மட்டும் மடியில் ஏறும்.

படகுக்காரரின் கவலையையும் தள்ளிவிட முடியாது. இறால் நட்டம் சொற்பம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் காசிமேட்டுப் படகு இறாலை மட்டும் நம்பிப் போவதில்லை. பெரிய திருக்கையும் வஞ்சிரமும் கம்பிக்குள் நுழையாது, ஆமை போகும் வழியிலேயே போய்விடும். “அந்தப் பெரிய மீன்தான் சார் டீசல் காசு” என்றார் அவர். தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, டெட் கட்டி ஓடும் முதல் பருவத்தின் நட்டத்தில் ஒரு பங்கை ஏற்பது பெரிய காரியமில்லை. நட்டம் எவ்வளவு என்பதும் அப்போது படகுக்காரர் கையாலேயே கணக்காகிவிடும்.

பெரியவரிடம் ஒரு மடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். பழகிய கைக்கு அரை நாள், புதுக் கைக்கு இரண்டு நாள் என்றார். இளையவர்கள் வலைக்கு வருவதில்லை என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரே ஒரு பையன்தான் முப்பதுக்குக் கீழ். அவனிடம் ஊசியைக் கொடுத்து, வலப்பக்கத்தை மறுபடி எண்ணச் சொன்னார்.