கழுத்துக்கு ஆறு நொடி

சுட்டு முடித்த தோட்டாவில் சுட்டவர் கைக்குத் திரும்பி வருவது பித்தளைக் கூடு மட்டும்தான். குண்டு இலக்குக்குப் போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, அதைப் பற்றவைக்கும் பிரைமர் ஒரே அடியில் தீர்ந்துவிடுகிறது. கூட்டைப் பொறுக்கி, தீர்ந்த பிரைமரைத் தட்டி வெளியே எடுத்து, உப்பிய உடம்பை டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர், மருந்து, குண்டு மூன்றையும் வைத்தால் அது மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் இந்த வேலையை வீட்டுக் கராஜில் உட்கார்ந்து செய்கிறவர்கள் ஏராளம். ஒஹாயோ மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டி முதன்முதலாக நடந்தது 1907இல். அந்த வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், கூடுகளைக் காய்ச்சி இளக்கும் இயந்திரத்தைத் தன் கையாலேயே செய்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

துப்பாக்கிமேல் எனக்குப் பற்று இல்லை. அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களுக்குள்கூட அது உயிர் குடிப்பதைப் படிக்கும்போதெல்லாம் வருகிற கோபம் இன்றும் அடங்கவில்லை. நான் போனது பித்தளைக்காக. தகட்டை அடித்து அடித்துக் குழிக்கிற நம் ஊர்ப் பாத்திரத் தொழிலாளி, நடுவில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அதை உலையில் காய்ச்சி எடுப்பார். காய்ச்சாமல் மேலும் அடித்தால் தகடு கீறும். அதே வேலையை ஒரு விரல் நீளக் கூட்டின் நுனியில் மட்டும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் பெரியவர், “அப்படியானால் உங்கள் நாட்டிலேயே தொடங்கலாம்” என்று சொல்லிக் கீறிய கூடு ஒன்றை மேசையில் வைத்தார். பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தது. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாத தோட்டாக்கள் குண்டை இறுக்கிப் பிடித்த இடத்தில் கீறிக் கிடந்தன. பருவக் கீறல் என்று அதற்குப் பெயரானது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு பக்கம். சூடில்லாமல் அழுத்தி வடிவமைத்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை மறுபக்கம். இரண்டும் கைகோத்தால்தான் கீறல். மிதமான சூட்டில் அந்த இழுவிசையைத் தணித்துவிட்டால் பித்தளை தாக்குப்பிடிக்கும். லாயத்துக் கதையைச் சொல்லிவிட்டு அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் அவர் அந்தக் கராஜுக்குள் விடுவதில்லை.

அவர் மேசையில் வைத்த கூடு கீறியதற்குக் காரணம் வேறு. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் விறைத்து ஒடியும் அல்லவா, குண்டைப் பிடிக்கும் நுனியான கூட்டின் கழுத்துக்கும் அதுதான் நேர்கிறது. சுடும்போது எழும் அழுத்தம் கழுத்தை விரிக்கிறது. டை அதைத் திரும்ப ஒடுக்குகிறது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, சூடில்லாமல் உருமாற உருமாற இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் திமிறி விரிந்துகொள்கிறது, அதுவும் கூட்டுக்குக் கூடு வேறு அளவில். அதனால் குண்டைப் பிடிக்கும் பிடி தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது. பிறகு ஒருநாள் வாயிலிருந்து கீழ்நோக்கி நீளவாக்கில் கீறிவிடும்.

தொழிற்சாலைகளுக்கு இது பழகிய விஷயம். சிறு கிண்ணமாக இருக்கும் பித்தளையைப் பல தடவை இழுத்து நீட்டித்தான் கூடு செய்கிறார்கள், நடுநடுவே காய்ச்சுகிறார்கள். முடிவில் கழுத்தையும் அதன் கீழே சரியும் தோளையும் மட்டும் இன்னொரு முறை சூடு காட்டுவார்கள். மிசூரி மாநிலத்தில் 1941இல் தொடங்கப்பட்ட லேக் சிட்டி ஆலையிலிருந்து வரும் ராணுவத் தோட்டாக்களில், அந்தச் சூடு விட்டுச்சென்ற நீலம் கலந்த பழுப்புக் கறை அப்படியே இருக்கும். கடைத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதை மெருகு போட்டு எடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இந்தக் கடைசிச் சூடு ஒன்றைத்தான். சொல்ல எளிது. ஆனால் பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும் உலோகம். கழுத்தைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே சூடு அடிப்பகுதியை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். அடிப்பகுதி இளகவே கூடாது. .308 வின்செஸ்டர் என்ற, பரவலாகப் புழங்கும் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலத் தொலைவில் எழும் அந்த அழுத்தத்தை அடைத்து நிற்பது இறுகிய அடிப்பகுதிதான். உலையில் ஒரு மணி நேரம் வைக்க முடியுமானால் 300 டிகிரி செல்சியஸை ஒட்டியே இறுகிய பித்தளையில் புதிய படிகங்கள் உருவாகத் தொடங்கும். கூட்டுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது. நுனியைச் சில நொடிகளில் 500 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டும், சூடு அடியை எட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் காய்ச்சியதே வீண். பிந்தினால் படிகங்கள் பெருத்துக் கழுத்து தளர்ந்து, குண்டைப் பிடிக்க வலுவில்லாமல் போகும். இந்த இயந்திரம் என்ற ஒன்று தேவைப்படுவதே அந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

பெரியவர் டொலீடோ பக்கம் கார் பாகங்களுக்கு டை செய்யும் பட்டறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். இளவயதில் அவர் பின்பற்றியது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. தட்டில் பாதி உயரம் தண்ணீர் ஊற்றி, கூடுகளை அதில் நிறுத்தி, கழுத்தில் கேஸ் டார்ச்சைக் காட்டி, நிறம் மாறியதும் லேசாகத் தட்டித் தண்ணீருக்குள் சாய்ப்பது. அடிப்பகுதி தண்ணீரில் நிற்பதால் ஆபத்தில்லை. ஆனால் தீ படுவது ஒரு பக்கம். கழுத்தின் மறுபக்கம் பாதிதான் காயும். அதற்குப் பிறகு கூட்டைக் குழிவான ஸ்பேனர் சாக்கெட்டில் வைத்து, டிரில்லில் மாட்டிச் சுற்றியபடியே தீக்கு முன்னால் நீட்டினார். சுற்றுவதால் சூடு சீராகப் படும். நொடிகளை மட்டும் வாயால் எண்ண வேண்டும். “ஐம்பதாவது கூட்டை எண்ணும்போது என் நொடி முதல் கூட்டின் நொடி இல்லை” என்றார். இயந்திரம் செய்ய உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் இயந்திரத்தில் ஒளித்து வைத்தது எதுவுமில்லை. சாய்ந்த தட்டில் கூடுகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஓரத்தில் காடி வெட்டிய அலுமினியச் சக்கரம் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு காடியிலும் ஒரு கூட்டை ஏந்திக்கொள்கிறது. அடியில் உள்ள தகட்டில் உராய்ந்து கூடு தானும் உருண்டபடியே தீக்கு முன்னால் வருகிறது. தீயைத் தாண்டியதும் தகட்டில் ஒரு திறப்பு, கீழே எஃகுக் கிண்ணம். சக்கரத்தை ஓட்டுவது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற சிறிய கியர் மோட்டார். அலுமினியத்தைத் தன் பழைய லேத்தில் கடைந்திருக்கிறார். காடியின் அகலம் கூட்டைவிட ஒரு மயிரிழைதான் கூடுதல்; அதற்குமேல் இருந்தால் கூடு சரிந்து, தீ கழுத்தை விட்டுத் தோளுக்குக் கீழே அடித்துவிடும் என்று காட்டினார். அந்தக் காடியின் விளிம்பை நான் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறில்லை. ஓய்வுபெற்ற கையின் வேலை அது என்று யாரும் சொல்ல முடியாது.

நொடியை அவர் தீர்மானிக்கும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. முதலில் டெம்பிலாக் என்ற பூச்சு. குறிப்பிட்ட சூட்டில் உருகி நிறம் மாறும் திரவம் அது. பலரும் 400 டிகிரி பூச்சைக் கழுத்தின் உள்பக்கம் தடவுவார்கள். அவர் அதோடு 230 டிகிரி பூச்சைக் கூட்டின் உடம்பில் ஒரு கோடாக இழுக்கிறார். உள்ளே இருப்பது உருக வேண்டும், உடம்பில் இருப்பது கீழ்ப்பகுதியில் உருகாமல் நிற்க வேண்டும். நீளமான கோட்டில் எந்த இடம்வரை உருகியிருக்கிறது என்று பார்த்தாலே சூடு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரிகிறது. பிறகு கராஜின் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு கூட்டை ஓட்டினார். திடப்பொருள் எதுவானாலும் இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியத் தொடங்கும் சூடு சுமார் 525 டிகிரி என்று 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் கண்டு சொன்னார். கழுத்தின் நுனி சிவப்பாகலாமா என்று யோசிக்கிற கணத்தில் கூடு கிண்ணத்தில் விழ வேண்டும். அவருடைய .308 கூட்டுக்கு, அந்தத் தீயில், ஆறு நொடி. பகல் வெளிச்சத்தில் நிறத்தை நம்பி வேலை செய்பவர்கள் எல்லோருமே கூடுதலாகக் காய்ச்சுகிறார்கள் என்பது அவர் கட்சி. இருட்டில் பார்த்தபிறகு எனக்கும் அதில் சந்தேகமில்லை.

“சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போட வேண்டாமா?” என்று கேட்டேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் இறுகும். பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. அவர் கிண்ணத்தில் தண்ணீரே இல்லை. மருந்து நிரப்புகிற பொருளை எதற்கு ஈரமாக்கி மறுபடி உலர்த்துவது என்றார். பிரைமர் எடுக்காத கூடு எதுவும் தட்டில் ஏறுவதில்லை என்பதில் மட்டும் கறாராக இருக்கிறார். ஒவ்வொன்றின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபிறகே வரிசையில் வைக்கிறார்.

ஒரு கூட்டை வேண்டுமென்றே தீயில் நிறுத்தி முழுதும் காய்ச்சிக் காட்டினார். ஆறியபிறகு இடுக்கியால் வாயை அழுத்தினால், அழுத்தியபடியே நசுங்கி நின்றது. சரியான அளவு காய்ந்த கூடு கொஞ்சமாவது திரும்பி வரும். கெட்ட கூட்டை உடனே சுத்தியலால் தட்டையாக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டார். பார்வைக்கு நல்லதைப் போலவே பளபளப்பதால், நசுக்காமல் வைத்தால் யாராவது எடுத்து நிரப்பிவிடலாம்.

அவருக்கும் தீராத தொல்லை ஒன்று இருந்தது, கேஸ். சிறிய சிலிண்டரிலிருந்து புரொப்பேன் வெளியேற வெளியேறச் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். தீ கண்ணுக்குத் தெரியாமல் குறுகும். மோட்டார் ஆறு நொடியைக் கச்சிதமாகக் காத்தாலும், கடைசிக் கூடுகளுக்குக் கிடைக்கும் சூடு முதல் கூடுகளுக்குக் கிடைத்ததல்ல. ரெகுலேட்டர் வைத்த பெரிய சிலிண்டருக்கு மாறியபிறகுதான் அது அடங்கியது.

அன்று மாலை அவருடைய சங்கத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் வந்தார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். 1,000 கஜ தூரத்தில் எஃப்-கிளாஸ் போட்டிகளில் சுடுகிறவர். கனடாக்காரரான ஃபார்குவர்சன் என்பவர் உருவாக்கிய பிரிவு அது. பெயரில் உள்ள எழுத்து அவருடையது. அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். குண்டின் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறினாலே மேலும் கீழுமாகச் சிதறும். நர்ஸ் வாங்கியிருப்பது நியூசிலாந்தில் தயாராகும் ஏஎம்பி இயந்திரம். தீ கிடையாது. சுருளில் பாயும் மாறுமின்சாரம் கூட்டின் கழுத்துக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்குகிறது. புதிய ரகக் கூடு வந்தால் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். அதை அழியும்வரை காய்ச்சி, அது மின்னாற்றலை எப்படி வாங்கியது என்று அளந்து, அந்த ரகத்துக்கான எண்ணை இயந்திரமே சொல்லிவிடும். விலை 1,000 டாலருக்கு மேல். தீயில் இயங்குபவை சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன.

“உங்களுக்குச் செய்வதில் மகிழ்ச்சி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது” என்றார் நர்ஸ். பெரியவர் மறுக்கவில்லை. “உன் கூடுகளில் கொஞ்சம் கொடு” என்று மட்டும் கேட்டார்.

இருவருடைய கூடுகளையும், காய்ச்சாத சிலவற்றையும் ஒரே டையில் ஒடுக்கினார். பிறகு முள் வைத்த சிறிய அழுத்தியில் ஒவ்வொன்றாகக் குண்டைச் செருகினார். குண்டு கழுத்துக்குள் இறங்க எவ்வளவு விசை கேட்கிறது என்பதை முள் காட்டும். காய்ச்சாதவற்றில் முள் துள்ளியது, ஒன்றில் எகிறி அடுத்ததில் படுத்தது. மற்ற இரண்டு வரிசையிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றது. நர்ஸின் வரிசை ஒரு சிறு கோடு கூடுதல் நெருக்கம். அவர்கள் இருவரும் அந்த ஒரு கோட்டைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அது இலக்கில் தெரியுமா என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

கூட்டின் ஆயுள் நீள்கிறது என்பதைக் கீறாத கழுத்துகளே காட்டிவிடுகின்றன. குறி கூர்மையாகிறது என்பதை நிறுவுவது அவ்வளவு எளிதல்ல. காற்றும், கையும், குழலும் சேர்ந்து அந்தக் கணக்கைக் குழப்பும். ஆண்டுக்கு இருநூறு, முந்நூறு தோட்டா நிரப்புகிறவருக்கு இயந்திரமே தேவையில்லை, டிரில்லும் சாக்கெட்டும் இருட்டறையும் போதும் என்றுதான் எனக்குப் பட்டது. அதற்கு மேல் போகிறவர் எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும், காசு கொடுப்பது மாறாத ஒரு கால அளவுக்குத்தான். லேத்தும் அதை இயக்கத் தெரிந்த கையும் வீட்டில் இருப்பவர் அதைச் செய்துகொள்ள வேண்டும் என்பேன். செய்தவருக்கு எந்த இடத்தில் தவறும் என்று தெரியும். கேஸ் குளிர்வதைப் பெரியவர் கண்டுபிடித்தது அப்படித்தான்.

அந்த ஒரு கோடு அவரை விடவில்லை. நான் கிளம்பும்போது தூண்டல் சூட்டுப் பலகை ஒன்றின் வரைபடத்தை விரித்து வைத்து, சுருளுக்கு எத்தனை சுற்று, உள்விட்டம் எவ்வளவு என்று நர்ஸின் இயந்திரத்தைப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். 48 வோல்ட் மின்வழங்கி முந்தைய வாரமே வந்துவிட்டதாம். செம்புக் குழாய்தான் வாங்க வேண்டும் என்றார்.