மதுரையில் 10 டிகிரி

என் மைத்துனரின் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயது. காலையில் ஒரே சாவியில் கிளம்பிவிடும். மார்க்கெட்டில் நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தால் அடம் பிடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் கரும்புகை. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10க்கு வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள். பிறகு இன்ஜெக்டர் கிளீனிங். மூன்றாம் தடவை, "இசியு போயிடுச்சு சார், 34,000 ஆகும்" என்றார்களாம்.

"பேசாம வண்டியை வித்துடலாம்னு பாக்குறேன் அத்தான்" என்று போன் வந்தது. அவர் மனைவிக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. கார் போனால் அந்த அம்மா வீட்டோடுதான்.

"டெம்பரேச்சர் முள் எங்க நிக்குது மாப்ளே?"

"கால்வாசிக்கு மேல ஏறுறதே இல்ல அத்தான். எஞ்சின் கூலாத்தான் இருக்கு."

மதுரை ஏப்ரல் வெயிலில் இதைக் கேட்டு எப்படிச் சந்தோஷப்படுவது? ஓடிச் சூடான எஞ்சினில் முள் பாதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று, தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கூலன்ட் சென்சார் பொய் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போதே போனேன். போனோடு பேசும் சின்ன ஓபிடி ஸ்கேனரைச் செருகி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினோம். இரவெல்லாம் நின்ற வண்டியில் உள்ளே வரும் காற்றும் கூலன்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். காற்று 28 டிகிரி என்றது. கூலன்ட் 10! கொடைக்கானலில் மார்கழி மாதம் என்றால் நம்பலாம்.

ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். சில நிமிஷம் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சூடேறியது. தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்கிறது. ஹோஸில் கை வைக்க முடியவில்லை, ஸ்கேனரோ 42 என்கிறது.

இந்த சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் நான் நிறையப் பார்த்த சாமான்தான். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். இசியு 5 வோல்ட் அனுப்பி அதை அளந்துகொள்ளும். ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ விளக்கு எரியும். நம்பும்படியான பொய்யைச் சொன்னால் பெரும்பாலும் எரியாது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து இசியு பெட்ரோலை அள்ளி ஊற்றும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கும் புகைக்கும் அதுதான் காரணம்.

இனி இசியுவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். சென்சாரின் கனெக்டரைக் கழற்றினேன். ஸ்கேனர் மைனஸ் 40க்குப் போனது. கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தேன். 130ஐத் தாண்டியது. ஒயரும் இசியுவும் சரி என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் வெந்நீர் டம்ளரில் முனையை வைத்து மல்டிமீட்டரால் பார்த்தோம். சுமார் 200 ஓம் காட்ட வேண்டியது 1,100 காட்டியது. புது சென்சார் 450 ரூபாய். குறைந்த கூலன்டை நிரப்பி, காற்று போகும்வரை ஓடவிட்டோம். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள். வெந்நீர் முகத்தில்தான் அடிக்கும்.)

எனக்கு அதிகம் பயம் தந்தது பெட்ரோல் செலவு அல்ல. அந்த வண்டியில் ஃபேனைப் போடச் சொல்வதும் இதே சென்சார்தான். 42 டிகிரி என்றால் ஃபேன் எதற்கு ஓடும்? ஏசி போட்டால் ஃபேனும் கூடவே ஓடும், அதனால்தான் எஞ்சின் இத்தனை மாதம் தப்பியது. ஏசி போடாமல் டிராஃபிக்கில் மாட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், முள்ளோ கடைசிவரை கால்வாசியிலேயே நின்றிருக்கும்.

அன்று சாயங்காலம் ஏசியை அணைத்துவிட்டு ஒரு சுற்றுப் போய்வந்தோம். வீட்டு வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவர் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"என்னண்ணே, சரி பண்ணீங்கன்னு பார்த்தா, புதுசா ஏதோ உர்ருன்னு சத்தம் வருதே?"

ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது.