மீட்டர் பொய் சொல்லவில்லை

சரியாக அளந்துகொண்டு வந்த ஒரு மாணவனைத் தவறு என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று அப்போதே மனதில் பட்டது. இருந்தும் சொன்னேன். கிழக்குத் தாம்பரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவந்த காலம் அது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன் என்று கரும்பலகையில் எழுதுவேன். 230 வோல்ட்டில் 0.435 ஆம்பியர் ஓடும் குண்டு பல்பின் திறன் 100 வாட், மின்தடை 529 ஓம். விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

அந்தப் பையன் மறுநாள் வந்து, "சார், வீட்ல நூறு வாட்ஸ் பல்பை மீட்டர்ல வெச்சுப் பார்த்தேன். நாப்பது ஓம் கூட காட்டல சார்" என்றான். எனக்குக் காரணம் தெரியவில்லை. "மீட்டர்ல பேட்டரி போயிருக்கும், உட்காருடா" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இரண்டு எண்களுமே சரி. அவன் அளந்தது அணைந்து குளிர்ந்திருந்த பல்பை. நான் கணக்கிட்டது எரியும் பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடையும் பன்னிரண்டு, பதினைந்து மடங்கு உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் சுவிட்சைப் போட்ட கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் ஃபியூஸ் ஆகின்றன. ஓமின் விதியைச் சொல்லும்போதே வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் நிபந்தனை போடுகிறது. அந்த வரியை மனப்பாடம் செய்யச் சொன்ன நான், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

பிள்ளைகளில் பலர் தினமும் மின்சார ரயிலில் வந்தவர்கள். கடற்கரை–தாம்பரம் பாதைக்கு 1931-இல் மின்சாரம் வந்தபோது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாறியது. அதே திறனைக் கொண்டுசெல்ல ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே மின்தடையுள்ள கம்பியில் இழப்பு 280-இல் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அவர்கள் தலைக்கு மேலே ஓடிய கம்பியில் இருந்த இந்தக் கணக்கையும் நான் சொல்லவில்லை. தேர்வில் வராது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

என் அறியாமை குற்றமில்லை. படித்திருந்தால் ஒரே இரவில் தீர்ந்திருக்கும். "தெரியலைப்பா, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல மனம் வரவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, தன் கையால் அளந்ததை அவனே நம்பாமல் போகும்படி செய்தேன். இயற்பியல் கற்றுத்தருபவன் செய்யக்கூடாத காரியம் அதுதான்.

தம்பி, உன் மீட்டர் சரியாகத்தான் காட்டியது. நீ கேட்டதும் சரியான கேள்வி. மன்னித்துவிடு.