479உம் 729உம்



குறூப்களில் அந்த மெசேஜ் திரும்பவும் சுத்துது: பார்கோட் 729 என்று தொடங்கினால் இஸ்ரேல் சாமான், 479 என்றால் நம்ம நாட்டுச் சாமான். பாதிதான் சரி. அந்த மூன்று இலக்கமும் கம்பனி எந்த நாட்டு ஜீஎஸ்1 அமைப்பிடம் நம்பர் எடுத்தது என்று மட்டுமே சொல்லும். சாமான் எங்கே செய்தது என்று சொல்லாது. 479 அடிச்ச பக்கற்றுக்குள்ளயும் வெளிநாட்டுப் பருப்பு இருக்கலாம். இதை வைத்து நாவிதன்வெளிச் சின்னக் கடைக்காரர்களோட சண்டைக்குப் போகாதீங்க.

கணக்குப் பாடத்தில் பிள்ளைகளிடம் தேயிலைப் பக்கற் ஒன்றைக் கொடுத்தேன். 13 இலக்கம். முதல் 12இல் 1ஆம், 3ஆம், 5ஆம் என்று வரும் இடத்து எண்களை அப்படியே எடுக்க வேணும். இடையில் வருபவற்றை 3ஆல் பெருக்க வேணும். எல்லாத்தையும் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் 13ஆவது இலக்கம். சரியா வந்ததும் ஒரு பிள்ளை கேட்டுது: "சேர், அப்ப நாங்களே ஒரு நம்பர் செய்யலாமே?"

செய்யலாம். அந்தக் கடைசி இலக்கம் பிழையா வாசிக்கிறதைப் பிடிக்கத்தான், கள்ளத்தைப் பிடிக்க இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள 1உம் 6உம் இடம் மாறினால் அதைக்கூடப் பிடிக்காது.

கம்பனி அடிக்கிற இந்தக் கோட்டுக்குள் விலையும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. விலை கடைக் கம்பியூட்டரில் கிடக்கு. மலிவுச் சாமானின் கோட்டை விலை கூடினதில் ஒட்டினால் மெஷின் மலிவு விலையைத்தான் காட்டும். கடை வைத்திருப்பவர்கள் திரையில் வரும் பெயரையும் கையில் உள்ளதையும் ஒருக்கா ஒப்பிடுங்க.

வாங்குறவங்க திகதியைக் கண்ணால பாருங்க. அதுக்கு மேல வேற ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லலாம், நம்பர் 1977.